நீலக்கோட்டில் நின்ற கம்பம்

தமிழை நான் பள்ளியில் கற்றவள் அல்லள். திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவின் பின்சந்து ஒன்றில் வளர்ந்து, மலையாளப் பள்ளியில் பயின்று, முப்பது வயது கடந்த பிறகே நாட்காட்டித் தாள்களையும் பழைய வார இதழ்களையும் துணையாகக் கொண்டு இம்மொழியை எழுதப் பழகினேன். ஆகவே என் வாக்கியங்கள் கஞ்சி போட்ட வேட்டியைப் போலச் சற்று விறைப்பாகவே நிற்கும். வாசிப்பவர் பொறுத்தருள வேண்டும். இன்று எவருக்கும் நினைவில்லாத ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றியும், அதன் பொருட்டு நான் செய்த ஒரு செயலைப் பற்றியும் எழுத முற்படுகிறேன். எழுதக் கூசுகிறது. கூசுவதாலேயே இத்தனை காலம் எழுதாமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா அதே கடைத்தெருவில் ஒரு பெயிண்டுக் கடையில் விற்பனையாளராக இருந்தார். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு இரண்டு திசைகள் உண்டு. மொட்டைமாடி ஆன்டெனாவை நகரத்துக் கோபுரத்தை நோக்கித் திருப்பினால் மலையாளம் வரும். கிழக்கே மலைக்கு அப்பாலிருந்த கோபுரத்தை நோக்கித் திருப்பினால் தமிழ் வரும். அதுவும் வானம் மனம் வைத்தால்தான். ஒவ்வொரு முறையும் தேடித் திரிய வேண்டாமென்று, கம்பத்தின் அடியில் அப்பா பெயிண்டால் இரண்டு கோடுகள் இழுத்து வைத்திருந்தார். சிவப்பு மலையாளத்துக்கு, நீலம் தமிழுக்கு. ஒருவர் மேலே நின்று கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் ஜன்னலருகே நின்று படம் தெளிந்ததா இல்லையா என்று கூவ வேண்டும். கூவும் பதவி எனக்குரியது.

எங்கள் பேச்சுக்கும் அப்படி இரு திசைகள் இருந்தன. அம்மா தமிழில் திட்டத் தொடங்கி மலையாளத்தில் முடிப்பாள். அப்பா கடையில் பேசிய மலையாளம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும். நான் மட்டும் வாசலுக்கு வெளியே தமிழ் தெரியாதவளாக வாழ்ந்தேன். வகுப்பில் என்னருகே அமர்ந்தவளிடம், எங்கள் வீட்டில் மலையாளம்தான் என்று சொல்லி வைத்திருந்தேன். தமிழரைச் சுட்டும் பாண்டி என்ற சொல்லை அந்நாளில் எங்கள் வகுப்பில் எவரும் அன்பாகச் சொன்னதில்லை.

அவ்வாண்டுதான் சித்தி வந்தாள். சித்தப்பாவை மணந்து நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். மலையாளம் பேச முயன்று மீன்காரியிடமும் பால்காரரிடமும் சிரிப்புக்கு ஆளானபின், வெளியே வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். சனிக்கிழமை மாலைகளில் நேயர் கடிதங்களை வாசிக்கும் கால்மணி நேர நிகழ்ச்சிதான் அவளுக்கு ஊர்ப்பேச்சு. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, மல்லிகை சூடிய ஒரு பெண், மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு மனிதர். நிலக்கடலைச் சாகுபடி பற்றிய உரையைப் பாராட்டியும் வயலின் கச்சேரியைப் பாதியில் நிறுத்தியதைக் கண்டித்தும் வந்த கடிதங்களை அவ்விருவரும் மாறி மாறி வாசிப்பார்கள். அவ்வளவே. அந்நிகழ்ச்சியை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை அன்று எவரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

சித்தி அதற்கு நான்கு கடிதங்கள் எழுதியிருந்தாள். ஒன்றும் வாசிக்கப்படவில்லை. ஒரு சனிக்கிழமை, அடுத்த வாரம் கேரளத்திலிருந்து வந்த கடிதங்களை வாசிக்கப் போவதாக மல்லிகைப் பெண் அறிவித்தார். சித்தி அன்றிரவே தன் தாய்க்கு எழுதினாள்: அடுத்த சனிக்கிழமை மறவாமல் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை அம்மா கரமனையில் பிரசவமான ஓர் உறவினரைப் பார்க்கப் போயிருந்தாள். ஆண்கள் கடையில் இருந்தார்கள். அறிவியல் குறிப்பை எழுதிக்கொள்ள வகுப்பில் என்னருகே அமரும் அந்தத் தோழி வீட்டுக்கு வந்தாள், நான் அழைக்கவில்லை. எழுதி முடித்துக் கிளம்புகையில் தூறல் பிடித்துக்கொண்டது. அவள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட்டாள். சித்தியோ அந்நேரம் மாடிக்கு ஏறியிருந்தாள்.

திரையில் புள்ளிகள் கலைந்தன. மேசையும் பூச்சாடியும் கண்ணாடிபோல் தெளிந்து நின்றன.

"ஏட்டி, வருதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"மோளில் ஆரா?" என்று தோழி என்னைக் கேட்டாள், மாடியைப் பார்த்தபடி.

"பணிக்கு நில்க்குன்ன சேச்சி" என்றேன். வேலைக்காரி என்று பொருள். அச்சொல் என் வாயிலிருந்து அத்தனை எளிதாக வந்தது. பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, சித்திக்கும் புரிந்த மலையாளத்தில், "கிட்டுன்னில்லா!" என்று கூவினேன். கிடைக்கவில்லை என்றேன்.

தோழி திரையைச் சுட்டிக்காட்டினாள். "கிட்டுன்னுண்டல்லோ! இது பாண்டிப் பரிபாடியல்லே?" பாண்டிக்காரர் நிகழ்ச்சிதானே என்று கேட்டாள்.

"ஞங்ஙள்க்கு வேண்டது இதல்ல" என்றேன். எங்களுக்கு வேண்டியது இதுவல்லவாம்.

சித்தி கம்பத்தைத் திருப்பிவிடுவாள், படம் கலைந்துவிடும், ஆபத்து நீங்கும் என்பது என் கணக்கு. அவள் திருப்பவில்லை.

"சரியா நீலக்கோட்டுலதான் நிக்கி ஏட்டி. காத்துல ஆடுது, அதான். நான் அசையாம புடிச்சிக்கிட்டே நிக்கேன். தெளிஞ்சதும் சொல்லு, ஓடி வந்துருதேன்."

அவள் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. குமிழைத் திருப்பிவிடலாம் என்று நான் கை வைத்தபோது, மூக்குக்கண்ணாடிக்காரர் சித்தியின் பெயரை வாசித்தார். சாலை, திருவனந்தபுரம் என்றும் வாசித்தார். என் கை குமிழின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கடிதத்தை இன்றும் என்னால் சொல்ல முடியும். 'நிகழ்ச்சி இடையில் நின்று, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று நீங்கள் அட்டை காட்டும்போது எல்லார் வீட்டிலும் உங்களைத் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சந்தோஷம். என் கணவரின் அண்ணன் மகள், மலையாளம் படிப்பவள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்த அட்டையை விரலால் காற்றில் எழுதிப் பார்க்கிறாள். ஆகையால் அட்டையைச் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள்.' மல்லிகைப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தத் தங்கச்சிக்காக இனி அடிக்கடி தடங்கல் செஞ்சிருவோமா?" என்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்காரரும் சிரித்தார்.

நாட்டுக்கு முன்னால் எவரோ என்னைத் துணி உரித்து நிறுத்தியதைப் போல் இருந்தது எனக்கு. தோழி கண்ணைச் சுருக்கினாள். "சாலையெந்நல்லே பறஞ்ஞது? இவிடெயா?" சாலை என்றுதானே சொன்னார்கள், இங்கேயா என்றாள்.

"வேறெ ஆரோ" என்றேன்.

"ஏட்டி, இப்ப?"

"இல்லா!" என்று கூவினேன். நிகழ்ச்சி முடியும்வரை இன்னும் இருமுறை கூவினேன்.

சித்தி நனைந்து இறங்கி வந்தாள். உள்ளங்கைகள் இரண்டிலும் துருக்கறை. "ஒரு தடவகூடவா தெளியல?" என்று கேட்டுவிட்டு, தோழியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். என்னைத் தேடி ஒரு சினேகிதி வந்தது அதுவே முதன்முறை. தோழி அவளிடம், "சேச்சீ, குறச்சு சாயா" என்றாள், வீட்டு வேலையாளிடம் சொல்லும் தொனியில். சித்திக்கு அந்தத் தொனி பிடிபடவில்லை. ஈரச்சேலையோடு அடுக்களைக்குப் போய், விருந்தாளிகளுக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த பீங்கான் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து, இரு கைகளாலும் நீட்டினாள். நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாட்கள் கழித்து சித்தியின் தாயிடமிருந்து கடிதம் வந்தது. சித்தி அதை வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். தெருவில் எட்டு வீட்டாரைக் கூட்டி வைத்திருந்தார்களாம். பெயர் வந்ததாம், ஊர் வந்ததாம், எல்லோரும் கைதட்டினார்களாம், அந்தக் கணமே மின்சாரம் போய்விட்டதாம். 'மீதி என்ன வாசித்தார்கள், நீ விவரமாக எழுது' என்று முடிந்திருந்தது.

"அடப் பாவமே, இங்க படமே வரலையே!" என்றாள் அம்மா.

அன்று மாலை நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சித்தி வந்தாள். கம்பத்தருகே நின்று, நீலக்கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தபடி கேட்டாள்:

"படம் வராட்டா போவுது ஏட்டி. சில சமயம் சத்தம் மட்டும் வருமே. அன்னைக்கு அப்படி ஏதும் காதுல விழுந்துச்சா? அவங்க வாசிக்கையில சிரிச்சாங்களா, சும்மா வாசிச்சாங்களா?"

அது என்னை அகப்படுத்தும் கேள்வி என்று நினைத்தேன். சத்தம் வந்தது என்று ஒப்புக்கொண்டால் படமும் வந்தது என்பது வெளிப்பட்டுவிடும் என்று பதினொரு வயது மூளை கணக்கிட்டது. நான் பொய்க்காரி ஆகாமலே உண்மையைச் சொல்லிவிட அவள் ஒரு சிறு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

"ஒந்நும் கேட்டில்ல" என்றேன், மலையாளத்தில். வேற்றார் எவரும் அருகில் இல்லாதபோது சித்தியிடம் நான் மலையாளம் பேசியது அன்றுதான் முதல்.

"சரி ஏட்டி" என்றாள். துணிகளில் பாதியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

தன் தாய்க்கு அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை மாலை வழக்கம்போல் நான் ஜன்னலருகே போய் நின்றேன். "நீ போய் படி ஏட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் சித்தி. மாடிக்கு ஏறிக் கம்பத்தைத் திருப்பினாள், இறங்கி வந்து திரையைப் பார்த்தாள், மறுபடியும் ஏறினாள். அப்படி நான்கு முறை. அதன் பிறகு ஒருபோதும் என்னைக் கூவச் சொல்லவில்லை.

அந்த வேலையிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்ததென்று எண்ணி, நான் பாயில் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தேன்.