பூரணம் மிஸ்ஸியின் படிவம்

ஒரு கேள்வியைத் தமிழில் எழுதி முடித்ததும் பூரணம் அதை முதலில் சங்கக்கடையின் மண்ணெண்ணெய் வரிசையில் கேட்டுப் பார்ப்பார். முன்னால் நிற்பவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்டால் கேள்வி பிழை. அந்த இடத்திலேயே வெட்டிவிடுவார்.

பூரணம் இருபத்துநான்கு வருடமாகத் தாதி, நோயாளருக்கு 'மிஸ்ஸி'. வீடு கொக்குவிலில். தாதிமார் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று நோயாளரிடமே கேட்டறியும் ஆங்கிலப் படிவம் ஒன்றை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டொக்டர் ஒருவர் அவரிடம் கொடுத்தார். தமிழாக்கினால் மட்டும் போதாது. சனம் அதை விளங்கி உண்மை சொல்கிறதா என்று சோதித்தும் தர வேண்டும். அதைத் தட்டச்சு செய்பவன் நான். இதுவரை ஒன்பது தடவை.

ஏழாவது கேள்வி, "தாதி உங்கள் அந்தரங்கத்தைப் பேணினாரா?" என்றிருந்தது. "அந்தரங்கமோ? நான் ஒண்டும் ஒளிக்கேல்லைப் பிள்ளை" என்று வரிசையில் நின்ற கிழவர் பதறினார். இப்போது அது, "உடம்பு துடைக்கும்போது திரை இழுத்து மறைத்தாரா?" ஆஸ்பத்திரி வாட்டில் திரை இல்லை. திரைத்துணி எப்போதோ காயத்துக்குக் கட்டப் போய்விட்டது. "அது வேறை கதை. கேள்வியிலை பிழையில்லை" என்கிறார் பூரணம்.

வாட்டில் கேட்டபோது எல்லோரும் எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ்ஸி" என்றார்கள். சந்தேகம் வந்து, பூரணம் நடுவில் தானே ஒரு கேள்வியைச் செருகினார்: நேற்று மத்தியானம் உங்களுக்கு ஐஸ்கிறீம் தந்தார்களா? சண்டையால் ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஓம் என்றார்கள். மற்றவருக்கு நீரிழிவு, தந்தார்களாம், தான்தான் வேண்டாம் என்றாராம்.

"படிவம் சரி. இந்த வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஆர் வாய் திறப்பினம்?" என்றார் பூரணம். வீடு திரும்பியவர்களைத் தேடிப் போவதென்று முடிவாயிற்று.

போன ஞாயிறு, சேலை உடுத்துச் சைக்கிளில் புத்தூருக்குப் போனார். படிவக் கட்டோடு நானும் பின்னால் மிதித்தேன். வெங்காயத் தோட்டக்காரி நல்லம்மா, கால் முறிந்து ஒரு மாதம் பூரணத்தின் வாட்டில் கிடந்தவர். எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

"வருத்தத்தைச் சொன்னபோது தாதி பொறுமையாகக் கேட்டாரா?" பூரணம் வாசித்தார்.

"ஆஸ்பத்திரியிலை கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன். இது என்ரை வீடு. உள்ளதைச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

"காலைக் கீறித் தைச்ச அண்டு, தண்ணி தண்ணி எண்டு கத்தினன். 'வாயைப் பொத்திக்கொண்டு கிடவணை, உனக்கு மட்டுமே நோகுது?' எண்டு ஒரு மிஸ்ஸி ஏசினவ. அதுக்குப் பிறகு, வீட்டை வருமட்டும் நான் ஒருத்தரிட்டையும் தண்ணி கேக்கேல்லை."

"ஆர் அந்த மிஸ்ஸி?"

"நீங்கள்தான்."

பூரணம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாளையிலை ஷெல்லடியம்மா. முழு வாட்டுக்கும் ரெண்டே ரெண்டு மிஸ்ஸிமார்..." என்று நான் தொடங்கினேன்.

"அது படிவத்திலை இல்லை" என்றார் பூரணம்.

பென்சிலை நல்லம்மாவிடம் கொடுத்தார். ஓம், ஓரளவு, இல்லை என்று மூன்று பெட்டிகள். நல்லம்மா பூரணத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு மனமிரங்கி, பென்சிலை நடுப்பெட்டியில் வைத்தார்.

பூரணம் அவருடைய கையைப் பிடித்து மூன்றாவது பெட்டிக்கு நகர்த்திவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டார்.