சிங்கப்பூருக்கு முன்னால் ஒரு தீவு

ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு நிலம் எங்கள் தஞ்சோங். அதன் நுனியிலிருந்து சிங்கப்பூருக்கு மோட்டார் படகு போகும். அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, சம்பளம் வாங்கியதும் ரொட்டியோடு வருவார். ஜப்பான்காரன் சண்டை வந்தது. படகு நின்றது, அப்பாவும் வரவில்லை.

பல மாதங்கள் கழித்துப் படகு மறுபடி ஓடியபோது, படகோட்டி மலாய்க்காரர் "ஷோனான், ஷோனான்" என்று கூவினார். சிங்கப்பூர் படகு எப்போது வரும் என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சிங்கப்பூரா தாக் அடா," என்றார். சிங்கப்பூர் இல்லையாம், ஜப்பான்காரன் வந்த பிறகு ஷோனான்தானாம்.

எனக்கு ஏழு வயது. மண்டையைக் குடைந்து குடைந்து யோசித்தேன். எதிரே தெரிந்த பச்சைக் கரை ஷோனான். அதை ஜப்பான்காரன் எங்கிருந்தோ கொண்டுவந்து சிங்கப்பூருக்கு முன்னால் போட்டு மறைத்துவிட்டான். அப்பாவுக்கு வழி இல்லாமல் போனது அதனால்தான். கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மாமா மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு படகேறினார். திரும்பும்போது அப்பாவின் பச்சை இடுப்புவார் அவர் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அம்மாவின் அறியாமைதான் பாவமாக இருந்தது.

"ஏம்மா அழுவுறீங்க? மாமா போனது ஷோனானுக்கு. அப்பா இருக்கறது சிங்கப்பூர்ல. எப்படிப் பாக்க முடியும்?"

மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"ஆமாம்மா. அந்த போட்டு இன்னும் விடல," என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா பொட்டு வைக்கவில்லை. அரிசி, துணி எதுவுமே கிடைக்காத காலம். குங்குமமும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பான்காரன் போன பிறகு ஒரு காலையில், "சிங்கப்பூரா!" என்ற கூவல் கேட்டது. வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, சிங்கப்பூர் போட்டு வந்துருச்சு!"

அம்மா எனக்குத் தலைவாரி, இருந்ததில் நல்ல கவுனைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துத் துறைக்குக் கூட்டிப்போனாள். இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அடுத்த படகில் வருவாரா என்று கேட்கத் திரும்பினேன்.

அம்மா படகைப் பார்க்கவே இல்லை. வந்ததிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அப்பா வரும் நேரத்தில் என்னை ஏன் பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.