வாலறுந்த குழம்பு

எங்கள் பத்திரிகை ஆபீசில் அவர் பெயர் நகராட்சி அக்கா. குடிநீர், குப்பை, சாக்கடை என்று எழுதியே தலை நரைத்துவிட்டது. ஆள் வீகன். பால், தயிர், நெய், முட்டை எதையும் தொடமாட்டார். மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால், பக்கத்து மேசையில் பிழை திருத்தும் எனக்கு வேலை ஓடாது. இத்தனைக்கும் கறி இல்லாமல் சோறு இறங்காத ஜென்மம் நான்.

அக்காவுக்கு ஒரே குறை, வீட்டுக்காரர். போட்டதைச் சாப்பிடுவார்; நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. "வெளிய தயிர ஒரு பிடி பிடிச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வருவாருடா. மீசையே காட்டிக் குடுத்துடும்" என்று சிரிப்பார். உள்ளுக்குள் மனத்தாங்கல்தான். தன் சமையலை ஒருத்தராவது ஆசைப்பட்டுச் செய்ய வேண்டும் என்று, ஆசிரியரை நச்சரித்து ஞாயிறு மலரில் ஒரு பத்தி வாங்கினார்.

"ஒரு வாரம் பாப்போம். யாரும் சீண்டலைன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்தப் போட்டுடுவேன்" என்றார் ஆசிரியர்.

முதல் வாரம், தேங்காய்ப்பாலில் காய்கறிக் குழம்பு. செய்தி என்றால் முக்கியமானது முதலில் வந்துவிடும். இடம் போதாவிட்டால் வாலை வெட்டிவிடலாம். எங்கள் பக்க வடிவமைப்பாளர் அதே பழக்கத்தில், கடைசி நேரத்தில் வந்த விளம்பரத்துக்காகக் குழம்பின் வாலையும் நறுக்கிவிட்டார். நான் திருத்தி அனுப்பிய பிறகு நடந்த கூத்து இது, என்னைச் சொல்லாதீர்கள். அடுப்பை அணைத்து ஆறவைத்து எலுமிச்சை பிழியவும், கொதிக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும் என்பதுதான் வெட்டுப்பட்ட வரி. பொருள்கள் பட்டியலில் எலுமிச்சை இருந்தது, செய்முறையில் ஆளையே காணோம்.

ஞாயிறு காலையில் என் மேசை போன் அலற ஆரம்பித்தது. "பழத்த எப்பங்க போடணும்?" "மொத்தமும் திரிஞ்சு போச்சு, யாருங்க இத எழுதினது?" அக்காவின் முகம் தொங்கிப்போனது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் வந்து நின்றார். பத்தி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஏம்மா, சாக்கடைய பத்தி இத்தனை வருஷமா எழுதறீங்களே, எத்தனை போன் வந்திருக்கு?"

"ஒண்ணு வந்துச்சு சார். ராங் நம்பர்."

"இப்ப ஒரு பழத்துக்கு இவ்வளவு பேர் அடிக்கறாங்க. அத்தனை வீட்லயும் அடுப்புல ஏத்திட்டாங்கன்னுதான அர்த்தம்? அடுத்த வாரமும் எழுதுங்க." வடிவமைப்பாளரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

அக்கா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். திரும்பவும் போன். ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கிப் பேசியது. "சார், அந்தக் குழம்பு எழுதினவங்க இருக்காங்களா? செல்போன எடுக்க மாட்டேங்கறாங்க."

ரிசீவரை நீட்டினேன். மன்னிப்பைத் தொடங்கிய அக்கா பாதியில் நிறுத்தினார்.

"ஏங்க... நீங்களா? நீங்களா செய்யறீங்க?"

கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"கொதிக்குதா? அணைச்சிடுங்க. பழத்தத் தொடாதீங்க. நான் வந்து பிழியறேன்."

குப்பை லாரிச் செய்தியை என் தலையில் கட்டிவிட்டு, லிப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினார். யாராவது அப்படி வேலையைத் தள்ளிவிட்டுப் போனால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.