பேட்டுக்கு என்று வாங்கிய எண்ணெய்

அம்மா கிட்டார் வாசிப்பாள் என்பது பள்ளியில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் ஆறாம் வகுப்பில் என்னுடைய முக்கியமான ஜெபம். அம்மா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் நடப்பதையும் பேசுவதையும் பிள்ளைகள் ஏற்கெனவே என் முன்னாலேயே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டாரும் சேர்ந்தால் நான் பள்ளிக்கே போகமுடியாது.

கல்யாணமானபோது அம்மாவின் சொந்த ஊர் நாசரேத்திலிருந்து அவளோடு வந்த அந்தக் கிட்டார் பல வருடம் பீரோவின் மேலேயே கிடந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் பாட்டுக்கு வாசிக்கச் சொல்லி சபையில் கேட்டார்கள். அம்மா அதைக் கீழே இறக்கினாள். தூத்துக்குடிக் காற்றில் கிட்டார் கழுத்தின் பழைய வார்னிஷ் பிசுபிசுத்துப் போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மரத்தை வெளியே கொண்டுவந்தாள். மறுபடி வார்னிஷ் அடித்தால் கை வழுக்கி ஓடாது, பாலிஷ் போட்டால் வியர்வைக்கு நிற்காது, துணியில் தொட்டுத் தேய்த்துத் துடைத்துவிடுகிற ஆளிவிதை எண்ணெய்தான் சரி என்று முடிவுசெய்தாள். அதிலும் காய்ச்சியதுதான் வேண்டும், பச்சை எண்ணெய் லேசில் காயாது என்று அப்பாவிடம் சொன்னாள்.

பெயிண்ட் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கல்லாப் பக்கத்தில் கடைக்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். என் வகுப்புதான், நடித்துக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மா காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி, "சார் பேட்டுக்கா டீச்சர்?" என்றார். துறைமுக ஆபீஸ் டீமில் அப்பா கிரிக்கெட் ஆடுவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு யாரும் சிரித்ததில்லை.

பதில் சொல்ல வாயெடுத்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையில் சிந்தியிருந்த பெயிண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள்.

"அப்ப காய்ச்சுனது ஆவாது. பச்சை எண்ணெய் கொண்டு போங்க. பேட்டுக்கு அதான் நல்லா எறங்கும்."

அம்மா இன்னொரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு அதையே வாங்கிக்கொண்டாள்.

வேறு கடையில் மாற்றி வாங்கலாமே என்று அப்பா சொன்னதற்கு, மெல்லிசாகப் போட்டால் காய்ந்துவிடும் என்றாள். அப்பாவின் பழைய பனியனைக் கிழித்துத் தேய்த்தாள், துடைத்தாள், ஃபேனுக்குக் கீழே வைத்தாள். வெளியே மழை விடவே இல்லை. தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் விரல் ஒட்டியது.

நிகழ்ச்சியன்று கிட்டாரின் கழுத்தில் முகப்பவுடரைப் பூசி எடுத்துக்கொண்டு போனாள். முதல் பாட்டு ஒருவழியாக முடிந்தது. இரண்டாவதில் பவுடரும் வியர்வையும் எண்ணெயும் குழைந்து கை நகர மறுத்தது. குழந்தைகள் பாட்டோடு முன்னே போய்விட்டார்கள். அம்மா விரட்டிப் பிடிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டாள். நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் சிரித்தார்கள். நான் கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல பெஞ்சுக்கு அடியில் குனிந்தவள், பாட்டு முடியும்வரை நிமிரவில்லை.

வெளியே வந்து விசாரித்தவர்களிடம், "விரலுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு" என்று அம்மா சிரித்தபடி சொன்னாள். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் அதையே நம்ப விரும்பினேன். வாசிக்க வராதவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று கோபம்கூட வந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே, ஒட்டிக்கொண்ட கையைப் பிய்த்து எடுப்பதுபோல இடைவேளையில் நடித்துக் காட்டினார்கள். சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டாள்.

"ஏளா, கிளாஸ்ல பிள்ளைங்க ஏதும் சொல்லுச்சா?"

இல்லை என்றேன். அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் கெட்டுப்போயிற்றோ என்ற கவலையில்தான் கேட்கிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.