தலையணை உறையின் மறுபக்கம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைவிட நான் பூத்தையல் போட்ட தலையணை உறையைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் முடித்ததும் ஓவியக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. "ஆம்பளப் பசங்களோட குந்திகினு படம் வரையப் போறியா? ஒண்ணும் வாணாம்" என்றார் அப்பா. அம்மாவும் அப்பா பக்கம்தான். மறுவாரமே மயிலாப்பூரில் ஒரு மாடியில் நடந்த எம்பிராய்டரி வகுப்பில் சேர்த்துவிட்டாள். கைவேலை தெரிந்தால் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டலாமாம். அங்கே முதல் பாடமே முடிச்சுப் போடாமல் தைப்பது. நூலின் நுனியைப் போட்ட தையலுக்கு அடியிலேயே நுழைத்து மறைத்துவிட வேண்டும். முடிச்சு தெரிந்தால் அம்மா பிரிக்கச் சொல்வாள். எத்தனை ஜோடிக் கிளிகளைப் பிரித்தேனோ!

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உறையின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். விரலால் தடவினார். "ஒரு முடிச்சுகூட தெர்ல. பொண்ணு அடக்கமாத்தான் இருக்கும்" என்றார். அம்மாவுக்கு அப்படியொரு பூரிப்பு. கல்யாணமாகி அந்த வீட்டில் பல வருஷம் குப்பை கொட்டினேன். நான் பதில் பேசிய போதெல்லாம், "அடக்கமான பொண்ணுன்னு நம்பினோமே" என்று குத்திக்காட்டினார்கள். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அடையாறில் தனியாக இருக்கிறேன். துணியில் ஊசியால் படம் வரைகிறேன். சமீபத்தில் ஆழ்வார்பேட்டையில் ஒரு கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். எல்லாத் துணியையும் மறுபக்கம் தெரியவே மாட்டினேன், முடிச்சும் நூலும் தொங்கத் தொங்க. அம்மாவையும் வரச் சொன்னேன். 'உன்னைப் படிக்க வச்சிருக்கணும்' என்று ஒரே ஒரு தடவை அவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் அதைச் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்?

வந்தவர்களோடு பேசிவிட்டுத் திரும்பினால், அம்மா மாத்திரை அட்டை வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்து, இருப்பதிலேயே பெரிய துணியில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கத்தரிக்கோலைப் பிடுங்கினேன்.

"இன்னாடி, நூலெல்லாம் தொங்கினு கீது. நாலு பேரு வர்ற எடம், உன்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க? அன்னிக்கு நீட்டா போட்டதாலதான உனக்குக் கல்யாணமே ஆச்சு?"

"ஆமாம்மா, அதனாலதான் ஆச்சு" என்றேன்.

"அத்தத்தான் நானும் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலுக்காகக் கையை நீட்டினாள்.