தெர்மாகோல் உப்பு

பொங்கலன்று ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் தங்கள் நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியை எங்கள் மரக்காணம் உப்பளத்திலேயே நடத்த வந்தார்கள். தை பிறக்கும்போது பாத்தியில் மழைத்தண்ணீர்தான் நிற்கும், உப்பு ஏது? சொன்னால் யார் கேட்கிறார்கள்! தெர்மாகோலைப் பொடித்துக் குவித்தார்கள். அளத்தில் வேலை செய்கிற எங்களையே பார்வையாளர்களாக உட்காரவைத்து, "நான் கையத் தூக்கினா எல்லாரும் சிரிக்கணும்" என்றார் இயக்குநர்.

உப்பளத் தொழிலாளியாக நடித்தவர் முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு வந்தார். இயக்குநர் கையைத் தூக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது கடற்காற்று வீசியது. குவியல் மொத்தமும் பறந்து அந்தக் கரிமுகத்தில் அப்பியது.

"ஏம்பா, உப்பு கரிக்குதா?" என்று எங்களில் ஒருவர் கத்த, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வீட்டில் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு திரையில் வரவில்லையாம். அந்த நேரத்தில் பாக்கெட் உப்பு விளம்பரம்தான் வந்ததாம்.