நெமானி கட்டிய வேர்க்கட்டு

என் மச்சான் நெமானிக்கு ஊரில் இரண்டு வேலை. விருந்தாளி வந்தால் ஊர்த்தலைவர் சார்பில் எதிர்கொண்டு நாலு வார்த்தை புகழ்ந்து பேசுவது ஒன்று. கரைத்துக் குடித்தால் நாக்கு மரக்கிற யங்கோனா வேர் என்ற பேரில் மண்ணை விற்பது இன்னொன்று. முதலாவது அவன் அப்பாவிடமிருந்து வந்தது, இரண்டாவது அவனே தேடிக்கொண்டது. தாய்மாமன் மகனை எங்கள் தீவில் என்ன வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. போதாக்குறைக்கு என் தங்கை உனைசியைக் கட்டியிருக்கிறான். அதனால் ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

அவன் தொழில் நேர்த்தியைக் கேளுங்கள். வேரைப் பிடுங்கினால் கழுவ மாட்டான், ஒட்டிய மண்ணும் எடைதானே. தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பான். அதன் மேல் லாரி போகும், மாடு போகும், மாடு நின்று செய்கிற காரியமும் நடக்கும். அரைகுறையாகக் காய்ந்ததுமே அள்ளிவிடுவான், முழுக்கக் காய்ந்தால் எடை குறைந்துவிடுமாம். தண்டுத் தோலைச் சீவி வேரோடு கலப்பான். பூஞ்சை பிடித்த துண்டெல்லாம் கட்டின் நடுவில் போகும், சுற்றிலும் பார்வைக்கு நாலு நல்ல வேர் நிற்கும். கேட்டால், "குடிக்கிறவன் நாக்கு எப்படியும் மரத்துப்போகப் போகுது மச்சான். மரத்த நாக்குக்கு எதுக்கு நல்ல வேரு?" என்பான். அடப்பாவி!

உனைசி அவனுக்கு நேர் எதிர். செடி ஐந்து வயது ஆகாமல் கையே வைக்க மாட்டாள். ஆற்றில் மூன்று தரம் கழுவி, தரையில் படாமல் மூங்கில் பரண் மேல் பரப்பி, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற வரைக்கும் காயவைப்பாள். வேர் வேறு, தண்டு வேறு. இத்தனை செய்து டவுனுக்குக் கொண்டுபோனால் அவள் வேருக்கும் இவன் மண்ணுக்கும் வியாபாரி ஒரே விலைதான் போடுவான். எனக்கே வயிறு எரியும். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

இந்த நிலையில்தான் தலைநகர் சுவாவிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்கு நல்ல வேர் வேண்டும். தேறிய ஊரிடம் நேராக, இரட்டை விலைக்கு வாங்குவார்கள். ஆனால் ஊரில் ஒரே ஒரு கட்டில் பூஞ்சையோ கலப்படமோ அகப்பட்டால் மொத்த ஊரையும் மூன்று வருஷம் ஒதுக்கிவைப்பார்கள். உனைசியின் தோட்டத்தில் இருநூறு செடி சரியாக ஐந்து வயதில் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கணக்குப் போட்டதைப் பார்த்தேன்: வீட்டுக்குப் புதுக்கூரை, மகள் படிப்பு.

சேதி கேட்ட நெமானி சும்மா இருப்பானா? வீட்டில் இருந்த சரக்கையெல்லாம் ராவோடு ராவாகக் கட்டினான். கயிறு தீர்ந்ததும், பத்து வருஷமாகக் கோயிலுக்குப் போட்டுப்போன சிவப்புச் செம்பருத்திப் பூச்சட்டையைக் கிழித்துக் கடைசிக் கட்டைக் கட்டினான். டவுன் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்து, "இப்ப நம்ம ஊரு சுத்தம்" என்றான், ஊரையே அவன்தான் பெருக்கின மாதிரி.

நாலாம் நாள் அதிகாரி இனோசி வந்தார். கையில் கோப்பு, கழுத்தில் அட்டை, பேச்சில் சர்வகலாசாலை வாசம். ஆனாலும் எங்கள் மனுஷர்தானே, வெறுங்கையோடு ஊருக்குள் நுழையக் கூடாதென்று தெரியாதா? சபைக்கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து, வருகிற வழியில் சந்தையில் வாங்கிய வேர்க்கட்டைத் தாளைப் பிரித்து நடுவில் வைத்தார்.

சிவப்புச் செம்பருத்திப்பூ பளிச்சென்று தெரிந்தது.

அந்தச் சட்டையைத் தெரியாத ஆள் ஊரில் உண்டா? நெமானி பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆனால் கட்டை வாங்கிப் புகழ வேண்டியவன் அவன்தான். எடுத்தான். "மண்வாசம் மாறாத வேர்" என்றான். அதில் பொய்யே இல்லை, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகுதான் தலைவரைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. எண்பது வயதுக் கிழவர். வயிற்றுக் கோளாறில் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வந்தவர் கொண்டுவந்த வேரை இடித்துக் கரைத்து முதல் கிண்ணம் அவர்தான் குடிக்க வேண்டும். மறுத்தால் வந்தவரையே வெளியே தள்ளின மாதிரி.

இவ்வளவு உயர்ந்த வேரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊர் வேரை இடிக்கலாமே என்று நெமானி இழுத்தான். அதிகாரிக்கு முகமெல்லாம் பெருமை.

"வேண்டாங்க, இதையே இடிங்க. நல்ல யங்கோனாவைப் பாத்துத் தரம் பிரிக்கத்தானே வந்திருக்கேன். முப்பது கட்டைப் புரட்டிப் பாத்து நானே பொறுக்கினது இது."

இடித்தார்கள். நனைந்த கோணிச்சாக்கு நாற்றம் எழும்பியது. கரைத்துப் பிழிந்து, சிரட்டைக் கிண்ணத்தை நிரப்பிக் கொண்டுபோய்த் தலைவர் முன் நீட்டினார்கள். கிழவர் முறைப்படி ஒருதரம் கைதட்டிவிட்டுக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நெமானி பாய்ந்து குறுக்கே கையை வைத்தான். தலைவர் கிண்ணத்தை மறிப்பதா? என் வயசுக்கு அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"குடிக்காதீங்க ஐயா. இது நான் கட்டினது. நடுவுல பூஞ்சை."

ஆயிரம் குறை சொன்னாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவனை நான் மெச்சுகிறேன். கிழவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதிகாரியைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தரம் பார்க்க வந்தவர் வாங்கிய லட்சணம் சட்டியில் மிதக்கிறதே! கோப்பை மெதுவாக மூடினார். குரலை இறக்கி, இது நமக்குள்ளேயே இருக்கட்டும், வரும் வழியில் பரண் மேல் உனைசி அம்மாவின் வேரைப் பார்த்தேன், முதல் தரம், அதை வைத்தே ஊருக்குத் தேர்ச்சி போட்டுவிடுகிறேன் என்றார். கூடம் முழுக்கப் பெருமூச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும்தான் விட்டேன்.

தலைவர் மட்டும் வாசல் பக்கம் பெண்களோடு இருந்த உனைசியைப் பார்த்தார். "உள்ளதை எழுதினா நஷ்டம் உன் தோட்டத்துக்குத்தான். நீயே சொல்லும்மா."

"எழுதுங்க சார்," என்றாள் என் தங்கை. "பூஞ்சைன்னு எழுதுங்க. எங்க ஊருல கட்டினதுன்னு எழுதுங்க. நீங்க பொறுக்கி வாங்கினதுன்னும் எழுதுங்க."

அதிகாரி வியர்க்க வியர்க்க எழுதினார். மூன்று வருஷ ஒதுக்கம் ஊருக்கு விழுந்தது. ஊரில் பாதிப்பேர் நெமானியைத் திட்டினார்கள், மீதிப்பேர் உனைசியைத் திட்டினார்கள், அதிகாரியைத் திட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் தோட்டத்து வரப்பில் நெமானி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் நான். அவள் பாட்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷ வேரு, உனைசி," என்றான். அழுகிற குரல். "இன்னும் மூணு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தா என்னத்துக்கு ஆகும்?"

அவள் நிமிரக்கூட இல்லை.

"மண்ணுக்குள்ள கிடந்தா ஒண்ணும் ஆகாது. உங்க கைக்கு வந்தாத்தான் கெட்டுப்போகும்."